ஜான் ஆர்னால்டும் நேரம் விற்ற பாக்கெட் கடிகாரமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

லண்டனில் ஒரு குடும்பம் நூறு ஆண்டுகளுக்கு மேல் ஒரே ஒரு பாக்கெட் கடிகாரத்தை வைத்து, வீதி வீதியாகச் சென்று நேரம் விற்றுப் பிழைத்தது. பழைய கடிகாரங்களில் ஆர்வமுள்ளவர்களிடம் இதைச் சொல்லும்போதெல்லாம் அவர்களிடமிருந்து அதே சந்தேகங்கள்தான் திரும்ப வருகின்றன. அவற்றைக் கேட்டவர்களின் பேச்சிலேயே எழுதி, எனக்குத் தெரிந்த பதிலைக் கீழே தந்திருக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் பின்னால் வரும் பதில்கள் எளிதாகப் புரியும்.

அது என்ன கடிகாரம்? யாரு செஞ்சது?

ஜான் ஆர்னால்டு என்ற ஆங்கிலேயரின் பட்டறையில் 1794-இல் உருவான பாக்கெட் குரோனோமீட்டர், அதாவது மிகத் துல்லியமான பாக்கெட் கடிகாரம். எண் 485/786. மூன்றாம் ஜார்ஜ் மன்னரின் மகன் சசெக்ஸ் கோமகனுக்காகச் செய்யப்பட்டது. படுக்கையைச் சூடாக்கும் தட்டு மாதிரி இவ்வளவு பெரிதாக இருக்கிறதே என்று கோமகன் அதை ஒதுக்கிவிட்டார் என்பது, பின்னாளில் அதை வைத்திருந்த குடும்பம் சொன்ன கதை. அதன்பின் கைமாறி கிரீனிச் வானாய்வகத்தில் வேலை பார்த்த ஜான் ஹென்றி பெல்வில் என்பவரிடம் வந்து சேர்ந்தது.

அதற்கு முதலில் தங்கக் கேஸ்தான் இருந்தது. லண்டன் தெருக்களில் தங்கத்தைப் பையில் போட்டு நடந்தால் திருடன் விடமாட்டான் என்று பெல்வில் அதை வெள்ளிக் கேஸுக்கு மாற்றிவிட்டார். அந்தக் குடும்பம் கடைசி வரை அதை 'ஆர்னால்டு' என்று ஆள் பெயரைச் சொல்வது போலத்தான் அழைத்தது.

ஜான் ஆர்னால்டு அவ்வளவு பெரிய ஆளா?

ஆமாம். 1736-இல் இங்கிலாந்தின் தென்மேற்கு மூலையான கார்ன்வாலில், பாட்மின் என்ற ஊரில் பிறந்தார். அப்பாவும் கடிகாரக்காரர், தொழிலை அவரிடமே கற்றார். இளம் வயதில் ஹாலந்து போய்விட்டுத் திரும்பி, ஊர் ஊராக வேலை செய்து, பிறகு லண்டனில் ஸ்ட்ராண்ட் வீதியை ஒட்டி டெவரூ கோர்ட்டில் கடை போட்டார். 1764-இல் மோதிரத்துக்குள் அடங்கும் அளவில், மணியடித்து நேரம் சொல்லும் கடிகாரம் ஒன்றைச் செய்து மன்னரிடம் கொடுத்தார். அதோடு பெயர் பரவிவிட்டது.

மோதிரக் கடிகாரம் கைத்திறனைக் காட்டியது, அவ்வளவுதான். என் கணக்கில் அவருடைய பெரிய சாதனை வேறு. கடலில் நம்பி எடுத்துப்போகக்கூடிய கடிகாரத்தை அரசனுக்கு ஒன்று, கடற்படைக்கு ஒன்று என்று நிறுத்தாமல் நூற்றுக்கணக்கில் செய்யலாம் என்று காட்டினார். அவர் 1799-இல் எல்தமில் காலமானார். தொழிலை மகன் ஜான் ரோஜர் ஆர்னால்டு தொடர்ந்தார்.

நேரத்தை எப்படிங்க விக்க முடியும்?

கடிகாரக் கடைக்காரர்கள் தங்கள் கடிகாரங்களைச் சரிசெய்ய நம்பகமான நேரம் வேண்டும். அது கிரீனிச் ஆய்வகத்தில் இருந்தது. ஆளாளுக்கு வந்து கதவைத் தட்டியதால் வானியலாளர்களின் வேலை கெட்டது. 1836-இல் ஒரு வழி பிறந்தது: பெல்வில் தன் ஆர்னால்டு கடிகாரத்தை ஆய்வகத்தின் கடிகாரத்தோடு ஒப்பிட்டு எடுத்துக்கொண்டு லண்டனுக்குப் போய், சந்தா கட்டியவர்களுக்குக் காட்டிவிட்டு வருவார். வாடிக்கையாளர்கள் ஏறத்தாழ இருநூறு பேர்.

1856-இல் அவர் இறந்ததும் மனைவி மரியா அதே வேலையை எடுத்துக்கொண்டு 1892 வரை செய்தார். அடுத்து மகள் ரூத் பெல்வில், 1940 வரை. திங்கட்கிழமை காலையில் கிரீனிச் ஆய்வகத்தின் வாசலில் ரூத் நிற்பார். அங்குள்ள ஊழியர் கடிகாரத்தை வாங்கிப் போய் ஒப்பிட்டு, எத்தனை நொடி வித்தியாசம் என்று எழுதிய சான்றுச் சீட்டோடு திருப்பிக் கொடுப்பார். பிறகு ரூத் கடை கடையாக ஏறி இறங்குவார்.

அந்த வாட்ச் சில நொடி முன்னே பின்னே ஓடுமாமே, அப்புறம் எப்படி சரியான நேரம்?

இந்தக் கேள்வியை நல்லபடியாகப் புரிந்துகொண்டால் பாதி விஷயம் முடிந்தது. குரோனோமீட்டர் தப்பே செய்யாத கடிகாரம் என்று பலரும் நினைக்கிறார்கள். அது தினமும் ஒரே அளவு தப்பு செய்கிற கடிகாரம். நாளுக்கு 3 நொடி முந்துகிறது என்று வையுங்கள். ஐந்தாம் நாள் அது காட்டும் நேரத்தில் 15 நொடியைக் கழித்தால் சரியான நேரம் கையில். ஒரு நாள் 3 நொடி முந்தி மறுநாள் 2 நொடி பிந்தும் கடிகாரம், பார்வைக்குச் சரியாக இருப்பது போலத் தெரிந்தாலும் பயனில்லை. நாளை அது என்ன செய்யும் என்று கணிக்க வழியில்லையே.

அதனால்தான் நல்ல குரோனோமீட்டரின் முள்ளை அடிக்கடி தொடமாட்டார்கள். முள்ளை அப்படியே விட்டுவிட்டு, வித்தியாசத்தைச் சீட்டில் குறித்துக்கொள்வார்கள். கடைக்காரர் 'ஆர்னால்டு இன்றைக்கு எப்படி?' என்று கேட்க, 'நான்கு நொடி முன்னே இருக்கிறார்' என்று ரூத் பதில் சொல்வாராம். அந்த நான்கு நொடியைக் கழித்துக்கொள்வது கடைக்காரரின் வேலை.

சாதாரண பாக்கெட் வாட்சுக்கும் குரோனோமீட்டருக்கும் உள்ளே என்ன வித்தியாசம்?

முன்னும் பின்னும் ஆடி நேரத்தை அளக்கும் சக்கரம்தான் பேலன்ஸ் வீல். அதை ஆட்டிவிடும் பகுதியில்தான் வித்தியாசம். அன்றைய சாதாரண ஆங்கிலக் கடிகாரத்தில் வெர்ஜ் என்ற பழைய அமைப்பு இருக்கும். பற்சக்கரம் பேலன்ஸின் அச்சை எந்நேரமும் உரசிக்கொண்டே இருக்கும். சாவி கொடுத்து முறுக்கும் மெயின் ஸ்பிரிங்கின் இழுவை கூடினாலோ எண்ணெய் கெட்டியானாலோ ஓட்டம் மாறிவிடும்.

குரோனோமீட்டரில் டிடென்ட் என்ற மெல்லிய தடுப்பு பற்சக்கரத்தைப் பிடித்து நிறுத்தியிருக்கும். பேலன்ஸ் ஒரு திசையில் போகும்போது மட்டும் அந்தத் தடுப்பை ஒரு கணம் விலக்கும். பல் ஒன்று பேலன்ஸை ஒரு தள்ளு தள்ளும். உடனே தடுப்பு மறுபடி விழுந்துவிடும். திரும்பி வரும் அசைவில் தள்ளல் கிடையாது. மற்ற நேரமெல்லாம் பேலன்ஸ் யார் தொந்தரவும் இல்லாமல் ஆடும்.

கப்பலுக்கும் கடிகாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

பூமி ஒரு மணி நேரத்தில் 15 பாகை சுழல்கிறது. கப்பல் நிற்கும் இடத்தின் உச்சிப்பொழுதைச் சூரியனைப் பார்த்து அறியலாம். அதே கணம் கிரீனிச்சில் மணி என்ன என்று தெரிந்தால், இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்திலிருந்து கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் இருக்கிறது என்று கணக்கிடலாம். கிரீனிச் நேரத்தைக் கப்பலிலேயே தூக்கிப்போக ஒரு கடிகாரம் வேண்டும். அது 4 நொடி தவறினால் நிலநடுக்கோட்டில் ஒரு கடல் மைல், அதாவது 1.85 கிலோமீட்டர் தவறும். ஒரு நிமிடம் தவறினால் 15 கடல் மைல். இருட்டில் பாறைக்கரையை நெருங்கும் கப்பலுக்கு அது உயிர்ப் பிரச்சினை.

1714-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இதற்கு 20,000 பவுண்டு வரை பரிசு அறிவித்தது. ஜான் ஹாரிசன் 1759-இல் முடித்த எச்4 என்ற கடிகாரம்தான், இது முடியும் என்று முதலில் காட்டியது. ஆனால் எச்4 அபாரமான வேலைப்பாடு; மற்றவர் எளிதில் செய்ய முடியாதது. லார்கம் கெண்டல் என்ற லண்டன் கடிகாரக்காரர் அதைப் பார்த்து அப்படியே ஒன்று செய்ய ஆண்டுக்கணக்கில் ஆனது. கூலி 450 பவுண்டு. எல்லாக் கப்பலுக்கும் அந்த விலையில் எப்படிக் கொடுப்பது? அந்த இடத்தில்தான் ஆர்னால்டு நுழைகிறார்.

கேப்டன் குக் எடுத்துட்டுப் போனது ஆர்னால்டு கடிகாரம்தானே?

இரண்டு பேருடையதையும் எடுத்துப் போனார். 1772-இல் கிளம்பிய இரண்டாம் பயணத்தில் கெண்டல் செய்த கடிகாரம் ஒன்றும் ஆர்னால்டு செய்தவை மூன்றும் போயின. குக் புகழ்ந்தது கெண்டலுடையதை. ஆர்னால்டின் கடிகாரங்கள் அந்தப் பயணத்தில் சரிவர ஓடவில்லை. ஆர்னால்டின் பெருமையைச் சொல்ல வரும் சிலர் இதை மறைக்கிறார்கள். மறைக்க வேண்டியதில்லை. அந்தத் தோல்விக்குப் பிறகு சில ஆண்டுகளில் அவர் ஸ்பிரிங், பேலன்ஸ், டிடென்ட் மூன்றையும் புதிதாக யோசித்து எங்கே வந்து நின்றார் என்பதை அடுத்த பதிலில் பாருங்கள்.

'ஆர்னால்டு 36' அப்படின்னு ஒரு நம்பரைச் சொல்றாங்களே, அது என்ன?

அது ஆர்னால்டின் 36-ஆம் எண் பாக்கெட் குரோனோமீட்டர். 1779-இலிருந்து 1780 வரை கிரீனிச் ஆய்வகத்தில் பதின்மூன்று மாதம் தினமும் சோதிக்கப்பட்டது. பெட்டிக்குள் அசையாமல் வைத்து மட்டும் பார்க்கவில்லை. உடம்பில் அணிந்துகொண்டும் பார்த்தார்கள். பதின்மூன்று மாத முடிவில் மொத்தப் பிழை 2 நிமிடம் 33.2 நொடி. கடைசி ஒன்பது மாதங்களை மட்டும் எடுத்தால் சுமார் ஒரு நிமிடம்தான். சட்டைப்பையில் அடங்கும் ஒரு பொருளிடம் இதை யாரும் எதிர்பார்க்கவில்லை. ஆர்னால்டு அந்தக் கணக்கைச் சிறு நூலாக அச்சிட்டு வெளியிட்டார். பொய் சொல்லிவிட்டார் என்று சிலர் கிளம்பும் அளவுக்கு அந்த எண்கள் பேசப்பட்டன.

வெயில் பட்டா வாட்ச் ஏன் ஸ்லோ ஆகுது? அதை எப்படி சரி செஞ்சாங்க?

பேலன்ஸைத் திரும்பத் திரும்ப இழுத்து ஆடவைக்கும் மெல்லிய சுருள்தான் ஹேர் ஸ்பிரிங். சூட்டில் அந்த எஃகுச் சுருளின் விறைப்பு குறைகிறது. பேலன்ஸ் வீலும் கொஞ்சம் விரிகிறது. இரண்டும் சேர்ந்து ஆட்டத்தை மெதுவாக்குகின்றன. எந்த ஏற்பாடும் இல்லாத கடிகாரத்தில் ஒரு பாகை செல்சியஸ் ஏறினால் நாளுக்குப் பத்து நொடிக்கு மேல் பிந்தும். குளிர்ந்த ஐரோப்பியத் துறைமுகத்திலிருந்து வெப்பக்கடலுக்கு வரும் கப்பலில் இது நாளுக்கு நிமிடக் கணக்கில் போய்விடும்.

பித்தளை எஃகைவிட அதிகம் விரியும். இரண்டையும் ஒட்டி, வெளிப்பக்கம் பித்தளை வருமாறு பேலன்ஸின் விளிம்பைச் செய்து, விளிம்பை இரண்டு இடத்தில் வெட்டிவிட்டால், சூடேறும்போது வெட்டிய முனைகள் உள்நோக்கி வளையும். முனையில் உள்ள எடைகள் மையத்தை நெருங்கும். சக்கரம் வேகமாக ஆடும். ஸ்பிரிங்கின் தளர்ச்சி ஈடாகிவிடும். ஆர்னால்டு 1775-இல் வாங்கிய காப்புரிமையிலேயே இரட்டை உலோகப் பேலன்ஸ் இருக்கிறது. பிறகு பல வடிவங்களை முயன்றார். உருகிய பித்தளையை எஃகின் மேல் வார்த்து ஒட்டும், தாமஸ் எர்ன்ஷா என்ற இன்னொரு லண்டன் கடிகாரக்காரரின் முறைதான் கடைசியில் நிலைத்தது.

ஹேர் ஸ்பிரிங் தட்டையா இல்லாம மேல் நோக்கி சுருளா இருக்கே, ஏன்?

ஆர்னால்டின் கைவரிசை அது. 1775 காப்புரிமையில் அதுவும் உண்டு. தட்டைச் சுருள் ஒரு பக்கமாகவே விரிந்து சுருங்கும்; பேலன்ஸின் அச்சை ஓரமாக அழுத்தும். உருளைச் சுருள் அப்படிச் செய்யாது. 1782 காப்புரிமையில் சுருளின் இரு முனைகளையும் உட்பக்கமாக வளைத்தார். பேலன்ஸ் பெரிதாக ஆடினாலும் சிறிதாக ஆடினாலும் ஒரே நேரத்தை எடுக்க அந்த வளைவு உதவுகிறது. இருநூறு ஆண்டு கழித்தும் குரோனோமீட்டர் செய்பவர்கள் இந்த வடிவத்தை விடவில்லை.

உள்ளே சைக்கிள் செயின் மாதிரி ஒண்ணு இருக்காமே?

இருக்கிறது. முழுதாகச் சாவி கொடுத்த மெயின் ஸ்பிரிங் பலமாக இழுக்கும். தளரத் தளர இழுவை குறையும். இதைச் சமன் செய்ய ஃப்யூஸி என்ற கூம்பு உருளையில் செயினைச் சுற்றியிருப்பார்கள். ஸ்பிரிங் பலமாக இருக்கும்போது செயின் கூம்பின் குறுகிய பக்கத்தை இழுக்கும். தளர்ந்த பிறகு அகன்ற பக்கத்தை இழுக்கும். சக்கரங்களுக்குப் போகும் விசை ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும்.

இந்தச் செயின்கள் அன்று ஹாம்ப்ஷயரில் இருந்த கிறைஸ்ட்சர்ச் என்ற ஊரில் பெருமளவில் செய்யப்பட்டன. வேலை செய்தவர்கள் பெரும்பாலும் பெண்களும் சிறுமிகளும். கண்ணைக் கெடுக்கும் வேலை. கடிகாரத்தின் தட்டில் செதுக்கிய பெயர் ஆர்னால்டுடையது. செயின் கண்ணிகளைத் தறைந்த ஒருவரின் பெயர்கூட அதில் இல்லை. பூதக்கண்ணாடி வைத்து அந்தச் செயினைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இது உறுத்தும்.

டிடென்டை எர்ன்ஷாதான் கண்டுபிடிச்சார், ஆர்னால்டு திருடிட்டார்னு படிச்சேன். உண்மையா?

எர்ன்ஷா சாகும்வரை அப்படித்தான் சொன்னார். ஸ்பிரிங்கின் மேல் நிற்கும் டிடென்ட் தன் யோசனை, அதை வேறொரு கடிகாரக்காரரிடம் காட்டப்போய் ஆர்னால்டு காதுக்குப் போய்விட்டது என்பது அவர் குற்றச்சாட்டு. ஆர்னால்டின் காப்புரிமை 1782-இல் வந்தது. காப்புரிமைக்குக் கட்டப் பணமில்லாத எர்ன்ஷாவின் யோசனை, 1783-இல் தாமஸ் ரைட் என்பவர் பெயரில் பதிவானது. தீர்க்கரேகைப் பரிசுகளைக் கவனித்த அரசு அமைப்பான தீர்க்கரேகை வாரியம் கடைசியில் 1805-இல் இரு தரப்புக்கும் தலா 3,000 பவுண்டு என்று சமமாகத் தீர்த்தது. முன்பணம் போக மீதியை ஆர்னால்டின் மகன் பெற்றுக்கொண்டார்.

இருவரின் டிடென்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அமைப்பு ஒன்றல்ல. ஆர்னால்டுடையதில் சக்கரப் பற்கள் வளைந்தவை, எண்ணெய் கேட்பவை. எர்ன்ஷாவுடையது எளிது, எண்ணெய் இல்லாமல் ஓடும். பின்வந்தவர்கள் எல்லோரும் எர்ன்ஷாவின் அமைப்பையே எடுத்துக்கொண்டார்கள். டிடென்டில் வென்றவர் எர்ன்ஷா, சுருள் ஸ்பிரிங்கில் வென்றவர் ஆர்னால்டு என்பது என் முடிவு. திருட்டு என்ற பட்டத்தை நான் சூட்டமாட்டேன்.

பாரிஸ் பிரேகேவும் ஆர்னால்டும் போட்டியாளர்களா?

நண்பர்கள். பாரிஸின் கடிகாரக்காரர் ஆபிரகாம் லூயி பிரேகேயின் மகன் ஆர்னால்டிடம் பயின்றார். ஆர்னால்டின் மகன் பாரிஸில் பிரேகேயிடம் பயின்றார். ஆர்னால்டு இறந்த பிறகு, தன் புகழ்பெற்ற கண்டுபிடிப்பான டூர்பியானை (பேலன்ஸைச் சுமந்து சுழலும் சிறு கூண்டு) பிரேகே ஆர்னால்டின் 11-ஆம் எண் கடிகாரத்துக்குள் பொருத்தி, ஆர்னால்டின் நினைவுக்கு அஞ்சலி என்று பிரெஞ்சில் பொறித்து, 1808-இல் அவர் மகனுக்கே பரிசளித்தார். தொழிலில் சமமான ஒருவர் கொடுத்த இந்த மரியாதையை, மன்னர் கொடுத்ததைவிட நான் உயர்வாக வைப்பேன்.

நம்ம ஊருக்கும் இதுக்கும் ஏதாவது தொடர்பு இருக்கா?

நேரடியாக ஒன்று உண்டு. ஆர்னால்டுக்குப் பெரிய ஆதரவு தந்தவர் அலெக்சாண்டர் டால்ரிம்பிள். அவர் பதின்ம வயதில் கிழக்கிந்தியக் கம்பெனியின் எழுத்தராக மதராஸ் வந்தவர். பிறகு அங்கே ஆட்சிக்குழுவிலும் இருந்தார். கம்பெனியின் கடல் வரைபடப் பொறுப்பை ஏற்றதும், கப்பல் தலைவர்கள் குரோனோமீட்டர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று வற்புறுத்தி, அதைக் கடலில் கையாளும் விதத்தையும் எழுதினார். கம்பெனிக் கப்பல்களில் ஆர்னால்டு கடிகாரங்கள் ஏறியதில் அவருக்குப் பங்குண்டு.

அதே காலத்து ஆங்கிலக் கடிகார வேலையைப் பார்க்க வேண்டுமானால் கொடைக்கானல் வானாய்வகத்தில் ஜான் ஷெல்டன் செய்த ஊசல் கடிகாரம் இருக்கிறது. மதராஸ் வானாய்வகத்திலிருந்து அங்கே போனது.

தந்தி, ரேடியோ எல்லாம் வந்த பிறகும் 1940 வரைக்கும் ரூத்தை யார் நம்பினாங்க?

தந்திக் கம்பி வழியாக நேரம் 1850-களிலேயே வந்துவிட்டது. ஆனால் சந்தா அதிகம். கம்பி அறுந்தால் நேரம் இல்லை. ரூத் நேரில் வருவார், குறைவாக வாங்குவார், தவறாமல் வருவார். 1908-இல் மின்கம்பி வழியே நேரம் விற்ற ஒரு நிறுவனத்தின் இயக்குநர், ஒரு பெண் பழைய கடிகாரத்தோடு அலைவதைக் கூட்டத்தில் இளக்காரமாகப் பேசினார். அது செய்தித்தாளில் வந்தது. நிருபர்கள் ரூத்தைத் தேடிப் போனார்கள். அவருக்குக் கிடைத்தது இலவச விளம்பரம்.

1924-இல் வானொலியில் கிரீனிச் நேரத்தின் ஆறு 'பிப்' ஒலிகளும், 1936-இல் தொலைபேசியில் பேசும் கடிகாரமும் வந்தன. அதன் பிறகும் நான்கு ஆண்டு நடந்தார். போரின்போது எண்பத்தாறு வயதில் நிறுத்தினார். 1943 டிசம்பரில் இறந்தார். கடிகாரம் லண்டன் கடிகாரத் தொழிலாளர் கூட்டமைப்பின் அருங்காட்சியகத்துக்குப் போனது. அந்த அருங்காட்சியகம் இப்போது சவுத் கென்சிங்டனில், அறிவியல் அருங்காட்சியகத்துக்குள் இருக்கிறது. பிரேகே கொடுத்த 11-ஆம் எண் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில்.

எங்க தாத்தா பெட்டியில 'லண்டன்'னு எழுதின பழைய வாட்ச் கிடைச்சது. ஆர்னால்டா இருக்குமா?

பெயர் எழுதியிருப்பதை மட்டும் வைத்து நம்பாதீர்கள். ஆங்கிலக் கடிகாரத்துக்கு இருந்த மவுசினால், ஐரோப்பாவில் மலிவாகச் செய்து லண்டன் என்று பொறித்து விற்றவை ஏராளம். 'டார்ட்ஸ், லண்டன்', 'சாம்சன், லண்டன்' என்று வருபவை இந்த வகையில் பிரசித்தம்.

கேஸின் பின்பக்கத்தைத் திறந்து, பேலன்ஸ் வீலை மேலே மூடியிருக்கும் துண்டைப் பாருங்கள். ஆங்கில வேலையில் அது ஒரு பக்கம் மட்டும் ஸ்குரூ போட்டு நிற்கும். இரண்டு பக்கமும் கால் ஊன்றிப் பாலம் மாதிரி இருந்தால் ஐரோப்பிய வேலை என்று சந்தேகிக்கலாம். டயலில் நிமிடக்கோடு எண்களுக்கு நடுவே வளைவு வளைவாகத் தோரணம் போல் போயிருந்தால் சந்தேகம் இன்னும் கூடும்.

கேஸ்ல சிங்க முத்திரை இருக்கு. அப்போ வருஷம் தெரிஞ்சிடுமே?

கேஸின் வருடம் தெரியும். நடக்கும் சிங்கம் என்றால் ஸ்டெர்லிங் வெள்ளி. சிறுத்தைத் தலை லண்டனில் சோதித்தது. ஒற்றை எழுத்து ஆண்டைக் குறிக்கும். சிறுத்தைத் தலையில் கிரீடம் இருந்தால் பெரும்பாலும் 1821-க்கு முந்தியது. அரசரின் தலை முத்திரையும் இருந்தால், வரி கட்டியதன் அடையாளம். 1784-க்கும் 1890-க்கும் இடைப்பட்டது. உள்ளே இருக்கும் மெஷின் வேறு வயதாக இருக்கலாம். முதல் பதிலில் சொன்ன 485/786-க்கே கேஸ் மாறியதே.

சாவி கொடுத்து ஓட்டிப் பார்க்கலாமா?

பல ஆண்டு கிடந்ததை ஓட்டாதீர்கள். எண்ணெய் காய்ந்து பிசினாகியிருக்கும். ஃப்யூஸி செயின் துருப்பிடித்திருந்தால் அறுந்து மற்ற பாகங்களை அடிக்கும். சாவி சரியான அளவில் இல்லையென்றால் சதுர முனை உருண்டுபோகும். திருப்பும்போது தடுத்தால் அந்தத் திசையில் மேலே அழுத்தவே கூடாது.

டிடென்ட் கடிகாரமாக இருந்தால் இன்னும் கவனம். அது சாவி கொடுத்ததும் தானாகக் கிளம்பாது. வட்டமாக லேசாக ஓர் அசைப்பு வேண்டும். வேகமாக உலுக்கினால் டிடென்ட் தவறிப் பற்கள் தாவும், உடையவும் கூடும். ஃப்யூஸி வேலை தெரிந்தவரிடம் மட்டும் திறக்கக் கொடுங்கள்.

அசல் ஆர்னால்டுதான், ஆனா உள்ளே டிடென்டை மாத்தியிருக்காங்கன்னு சொல்றாங்க. அதுக்கு மதிப்பு போயிடுமா?

ஆர்னால்டு கடிகாரங்களில் இது மிகச் சாதாரணம். எர்ன்ஷாவின் அமைப்பு மேலானது என்று ஆன பிறகு, கப்பலில் தினமும் உழைத்த ஆர்னால்டுகளைத் திறந்து அந்த அமைப்பைப் பொருத்தினார்கள். ஆர்னால்டின் மகன் 1830 முதல் 1840 வரை எட்வர்டு ஜான் டென்ட் என்பவரோடு கூட்டுச் சேர்ந்திருந்தார். 1843-இல் மகன் இறந்ததும் கடையைச் சார்லஸ் ஃபிராட்ஷாம் வாங்கினார். பழைய ஆர்னால்டுகள் சர்வீசுக்கு அதே கடைக்குத் திரும்பி வந்தன.

ஏலத்தில் மாறாத கடிகாரத்துக்கு அதிக விலை என்பது உண்மை. ஆனால் மாற்றியதைப் போலி என்று தள்ளுவது தவறு. முதலில் மேல் தகட்டில் உள்ள எண்ணையும் டயலுக்குக் கீழே உள்ள எண்ணையும் ஒப்பிடுங்கள். பிறகு தகட்டில் பயன்படாத ஓட்டைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா என்று பாருங்கள். பழைய டிடென்ட் நின்ற இடம் அங்கேதான் தெரியும். அடுத்து பேலன்ஸ் ஆர்னால்டின் வடிவமா, பிற்கால வடிவமா என்று பாருங்கள். எந்தப் பாகம் எப்போது மாறியது என்று எழுதிவைத்து, அந்தக் காகிதத்தைக் கடிகாரத்தோடு சேர்த்தே விற்கச் சொல்லுங்கள்.